தொன்மம், பழமரபுக்கதை, நாட்டுப்புறக்கதை: ஒரு தொடக்க விளக்கம்

சித்திரை முழுநிலவை ஒட்டி மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்குவதற்கு இரண்டு காரணங்கள் வழங்குகின்றன. துர்வாசரின் சாபத்தால் தவளையாகிவிட்ட மண்டூக முனிவருக்கு விமோசனம் அளிக்கவே அவர் அழகர்மலையிலிருந்து வருகிறார் என்பது கோயில் மரபு சொல்லும் காரணம். ஆற்றங்கரையில் திரளும் மக்களுக்குத் தெரிந்த காரணம் வேறு: தங்கை மீனாட்சியின் திருமணத்துக்குச் சீர்வரிசையோடு புறப்பட்டவர், தாலி கட்டி முடிந்துவிட்ட செய்தியை வழியிலேயே கேட்டு, கோபத்தில் நகருக்குள் நுழையாமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார். மீனாட்சியம்மன் கோயிலின் கம்பத்தடி மண்டபத்துத் தூணிலோ, திருமால் நேரில் நின்று நீர் வார்த்துத் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். ஆய்வாளர்களைக் கேட்டால், வெவ்வேறு மாதங்களில் நடந்துவந்த இரண்டு திருவிழாக்களைப் பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் ஒன்றுசேர்த்ததையும், அதற்கு முன்பு அழகர் தேனூருக்குச் சென்றுவந்ததையும் எடுத்துக்காட்டுவார்கள். ஒன்றுக்கொன்று முரணான இத்தனை விளக்கங்களும் ஒரே ஊரில், ஒரே நாளில், யாருக்கும் தொந்தரவு தராமல் உயிரோடு இருக்கின்றன.

இப்படிப்பட்ட கதைகளைப் படிக்கத் தொடங்குபவர் எழுப்பும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘இவற்றில் எது உண்மை’ என்பதாகவே இருக்கும். அது கேட்கக்கூடாத கேள்வி அல்ல. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. ஒரு கதையை யார், யாருக்கு, எப்போது சொல்கிறார்கள், சொல்பவரும் கேட்பவரும் அதை எந்த அளவுக்கு நம்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அந்தக் கதையின் உண்மையை எடைபோட முடியாது. தொன்மம், பழமரபுக்கதை, நாட்டுப்புறக்கதை என்று ஆய்வாளர்கள் வகுத்திருக்கும் மூன்று பிரிவுகளும் இந்தக் கேள்விகளிலிருந்தே பிறந்தவை. கதையில் கடவுள் வருகிறாரா, பேய் வருகிறதா, பேசும் நரி வருகிறதா என்பதை வைத்துப் பிரித்தவை என்று பலர் எண்ணுவதுண்டு. கடவுள் மூன்றிலும் வருவார். சில வேளைகளில் நரியும் வரும்.

அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் பாஸ்கம் 1965-இல் முன்வைத்த வரையறை இன்றும் தொடக்கநிலை மாணவர்களுக்குப் போதுமானது. உலகம் இப்போதிருக்கும் வடிவத்தை அடைவதற்கு முந்தைய ஒரு காலத்தில் நடந்ததாக, புனிதமானதாக, ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாக ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட கதை தொன்மம். நாம் வாழும் இதே உலகத்தில், பெயரும் ஊரும் சொல்லக்கூடிய மனிதர்களுக்கு, சற்றே அண்மைக் காலத்தில் நடந்ததாக நம்பப்படுவது பழமரபுக்கதை. பேச்சுவழக்கில் பலரும் இதை ஐதிகம் என்று சொல்லிவிடுவார்கள். நடந்ததாக யாருமே நம்பாத, நம்ப வேண்டும் என்று சொல்பவரும் எதிர்பார்க்காத கதை நாட்டுப்புறக்கதை. இம்மூன்றோடு பழமொழி, விடுகதை, தாலாட்டு, ஒப்பாரி, கூத்து, சடங்கு, வைத்திய முறை எல்லாம் சேர்ந்த பெரும் பரப்பைத்தான் நாட்டார் வழக்காறுகள் என்கிறோம்.

மேசைமுன் உட்கார்ந்து செய்த பாகுபாடு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இன்றைய பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த டிரோப்ரியண்ட் தீவுகளில் 1915-க்கும் 1918-க்கும் இடையே தங்கி ஆய்வு செய்த பிரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி, அந்தத் தீவினர் தாங்களாகவே கதைகளை மூன்றாகப் பிரித்து வைத்திருப்பதைக் கண்டார். மழைக்கால மாலைகளில் பொழுதுபோக்குக்காகச் சொல்லப்படும் கதைகள் ‘குக்வனெபு’. முன்னோருக்கு உண்மையில் நடந்தவையாகக் கருதப்படுபவை ‘லிபோக்வோ’. சடங்கு, உரிமை, ஒழுக்கம் ஆகியவற்றுக்கு அடிப்படையாக நிற்கும் புனிதக் கதைகள் ‘லிலியு’. ஒவ்வொரு குலத்தின் முதல் மூதாதையும் தரையிலிருந்த ஒரு குறிப்பிட்ட துளை வழியாக மேலே வந்தார் என்று அங்கே ஒரு தொன்மம் இருக்கிறது. வெளியாள் காதுக்கு அது சுவையற்ற கதை. ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் எந்தத் துளையிலிருந்து யாருடைய மூதாதை வந்தார் என்பதைப் பொறுத்தே அந்த நிலத்தில் இன்று யார் பயிரிடலாம் என்பது தீர்மானமாகிறது. நம் ஊரில் பட்டா செய்யும் வேலையை அங்கே அந்த ஒரு வரிக் கதை செய்கிறது. தொன்மம் என்பது இயற்கையைப் புரிந்துகொள்ள முடியாத ஆதிமனிதனின் குழந்தைத்தனமான அறிவியல் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கருத்தை மாலினோவ்ஸ்கி 1926-இல் வெளியிட்ட சிறு நூலில் மறுத்தது இந்த அடிப்படையில்தான்.

நாட்டுப்புறக்கதையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ‘ஒரு ஊரிலே ஒரு ராஜா’ என்று தொடங்கும்போதே எந்த ஊர், எந்த ராஜா என்ற கேள்விகளுக்கு இங்கே இடமில்லை என்று பாட்டி சொல்லிவிடுகிறாள். ‘கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது’ என்று முடிக்கும்போது கேட்டதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு எழுந்திருக்கச் சொல்கிறாள். தொல்காப்பியம் செய்யுளியலில் ‘பொருளொடு புணராப் பொய்ம்மொழி’ என்று ஒரு வகை குறிப்பிடப்படுகிறது. அதற்கு உரை எழுதிய பேராசிரியர், யானையும் குருவியும் நட்புக்கொண்டு ஓரிடத்துக்குப் போய் இன்னின்ன செய்தன என்பது போன்ற கதையை எடுத்துக்காட்டாகத் தருகிறார். பொய் என்று தெரிந்தே சொல்லி, பொய் என்று தெரிந்தே கேட்கும் கதைக்கு நம் இலக்கணத்தில் இடம் இருந்திருக்கிறது.

ஊரும் பேரும் இல்லாததாலேயே நாட்டுப்புறக்கதை எல்லைகளை எளிதில் கடந்துவிடுகிறது. மாற்றாந்தாயின் கொடுமைக்கு ஆளான பெண் தொலைத்த ஒற்றைக் காலணியை வைத்து அரசன் அவளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கதை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சீனாவில் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அதில் அவளுக்கு உதவுவது ஒரு மீனின் எலும்புகள். மரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1893-இல் இந்தக் கதையின் 345 வடிவங்களைத் திரட்டி வெளியிட்டார். பின்லாந்துக்காரரான ஆன்ட்டி ஆர்னே 1910-இல் தொடங்கி, அமெரிக்கரான ஸ்டித் தாம்ப்சன் விரிவாக்கி, ஜெர்மானியரான ஹான்ஸ்-யோர்க் உத்தர் 2004-இல் திருத்திய கதைவகை அட்டவணையில் அதற்கு 510ஏ என்று எண்ணும் உண்டு.

கவிஞரும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளருமான ஏ. கே. ராமானுஜன் இந்த இடத்தில் செய்த ஒரு நுட்பமான ஒப்பீடு தமிழ் படித்தவர்களுக்கு உடனே விளங்கும். அகத்திணைப் பாடல்களில் தலைவன், தலைவி யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது விதி. புறப்பாடல்களிலோ அரசன் பெயரும் போர் நடந்த களமும் வரும். வீட்டுக்குள் பெண்கள் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளில் பெயர் இருப்பதில்லை என்பதையும், ஊர்ப் பொதுவில் தொழில்முறைக் கலைஞர்கள் பாடும் கதைகளில் பெயர், குலம், ஊர் எல்லாம் துல்லியமாக வருவதையும் கவனித்த அவர், முன்னதை அகமாகவும் பின்னதைப் புறமாகவும் கண்டார். எனக்குத் தெரிந்தவரை, பழமரபுக்கதையை அடையாளம் காண இதைவிட எளிய வழி இல்லை: பெயர் வந்துவிட்டால் நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது என்று பொருள்.

ஒரு பெயர் ஒரு கதைக்கு என்னென்ன செய்யும் என்பதைப் பார்க்கப் பாபநாசம் மலைக்குப் போக வேண்டும்.

தாமிரபரணி வரும் வழியில், காரையாற்றுப் பகுதியில், சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பகுதி மக்கள் அங்கே கூடுவார்கள். அய்யனாரைச் சுற்றி உள்ள துணைத் தெய்வங்களில் ஒருவர் பட்டவராயன். அவருக்குப் பக்தர்கள் காணிக்கையாகத் தருவது தோல் செருப்பு. கோயிலுக்கு வெளியே கழற்றிவிட வேண்டிய பொருளைச் சன்னிதிக்கு உள்ளே கட்டித் தொங்கவிடுவதற்குக் காரணமாக ஒரு கதை சொல்லப்படுகிறது. பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டனைப் பற்றித் தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் கதை அது.

முத்துப்பட்டன் பிராமண குலத்தில், ஏழு சகோதரர்களில் இளையவனாகப் பிறந்தவன். அண்ணன்மாரோடு மனம் வேறுபட்டு வீட்டைவிட்டுப் போய்க் கொட்டாரக்கரை அரசனிடம் வேலை பார்த்தவன், ஊருக்குத் திரும்பும் வழியில் மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்காள் தங்கை இருவரின் பாட்டைக் கேட்டு அவர்கள்மேல் காதல் கொள்கிறான். அவர்கள் அருந்ததியர் குலத்தைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்கள். பெண் கேட்டு வந்தவனிடம் தகப்பன் கடுமையான நிபந்தனை விதிக்கிறான்: பூணூலை அறுத்துக் குடுமியைக் களைந்து, தோல் பதப்படுத்திச் செருப்புத் தைத்துக் காட்ட வேண்டும். தடுத்து அடைத்துவைத்த அண்ணன்மாரிடமிருந்து தப்பிவந்த முத்துப்பட்டன் அத்தனையும் செய்து இருவரையும் மணக்கிறான். திருமண இரவிலேயே மாடுகளைத் திருடர் கூட்டம் ஓட்டிச் செல்லும் செய்தி வருகிறது. மாடு காக்கும் பொறுப்பு மாமனாரின் குடும்பத்துக்கு உரியது என்பதால் மணக்கோலத்தோடு போய்ப் போரிட்டு மாடுகளை மீட்பவன், ஆற்றில் குருதியைக் கழுவும்போது மறைந்திருந்த ஒருவனால் குத்திக் கொல்லப்படுகிறான். அவனுடைய நாய் வந்து செய்தி சொல்ல, பெண்கள் இருவரும் அவன் சிதையில் தீப்பாய்கிறார்கள்.

இந்தக் கதையை வீட்டுத் திண்ணையில் கேட்பதற்கும் கோயில் கொடையில் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கொடை விழாவில் வில்லின் நாணை வீசுகோலால் அடித்தும், குடம், உடுக்கை, ஜால்ரா முழங்கவும் புலவர் பாடிக்கொண்டு போகையில், நாயகன் சாகும் கட்டம் பெரும்பாலும் சடங்கின் உச்சத்தோடு ஒத்து வருமாறு நேரம் பார்த்துப் பாடப்படும். அந்தக் கட்டத்தில், சாமியாடும் கோமரத்தாடியின்மேல் தெய்வம் இறங்கும். அதாவது, எப்போதோ இறந்த ஒருவனின் சாவைச் சொல்வதன் வழியாகவே அவனைத் தெய்வமாக அங்கே வரவழைக்கிறார்கள். அச்சிட்ட கதைப்பாடல் நூலை வைத்துக்கொண்டு எத்தனை முறை படித்தாலும் இது நமக்குப் பிடிபடாது.

தமிழ் நாட்டார் வழக்காற்று ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான நா. வானமாமலை 1971-இல் இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தபோது இன்னொரு செய்தியையும் கவனப்படுத்தினார். சில வடிவங்களில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடையின் சொந்த மகள்கள் அல்லர். காட்டில் விடப்பட்ட பிராமணக் குழந்தைகளை அவன் எடுத்து வளர்த்தான் என்று ஒரு கிளைக்கதை நுழைக்கப்பட்டிருக்கிறது. பூணூலை அறுத்த மனிதனின் கதையைத் தாங்கிக்கொள்ள முடியாத கேட்போர் சிலர் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்காகக் கதையின் முள் மழுக்கப்பட்டது. அப்படி மாற்றினால் வாலப்பகடையின் நிபந்தனையும், தைத்துக் காட்டிய செருப்பும் பொருளற்றுப் போகின்றன என்பதை மாற்றியவர்கள் யோசிக்கவில்லை போலும். எனினும், மாற்றப்பட்ட வடிவத்தைக் கலப்படம் என்று தூக்கி எறிந்துவிடக் கூடாது. மூல வடிவம் நமக்கு முத்துப்பட்டனைப் பற்றிச் சொல்கிறது. மாற்றப்பட்ட வடிவம் அதைக் கேட்ட சமூகத்தைப் பற்றிச் சொல்கிறது. நாட்டார் வழக்காற்றியலில் பாடபேதம் பிழையாகக் கருதப்படுவதில்லை. அதுவே முதன்மைச் சான்று.

இப்படிப்பட்ட கதைகள் இடம் மாறும் விதத்தை வில்லுப்பாட்டை விரிவாக ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் விளக்கியிருக்கிறார். தொடக்கத்தில் இருப்பது அநியாயமாக, அகாலத்தில் நேர்ந்த ஒரு சாவு. இறந்தவரின் சினத்துக்கு அஞ்சி அந்த இடத்தில் வழிபாடு தொடங்குகிறது. இறந்தவரின் உற்றார் உறவினரைத் தாண்டி, அந்தச் சாவை நேரில் அறியாத ஊர்களுக்குக் கதை பரவும்போது, அங்குள்ளவர்கள் வழிபடச் சாவு மட்டும் போதுமான காரணமாக இருப்பதில்லை. ஆகவே நாயகனுக்குத் தெய்வீகப் பிறப்பு ஒன்று கதையின் தொடக்கத்தில் சேர்கிறது. இன்னும் தொலைவு போனால் அவர் சிவனின் அம்சமாகவோ திருமாலின் அவதாரமாகவோ ஆகிவிடுகிறார். பழமரபுக்கதை ஒன்று தொன்மமாக உயரும் பாதை இது. கைலாயத்தில் நடந்த ஏதோ ஒரு பிழையால் மண்ணில் வந்து பிறந்தவர் என்று ஒரு கிராமதெய்வத்தின் கதை தொடங்கினால், பெரும்பாலும் அந்தக் கைலாயப் பகுதிதான் கதையில் கடைசியாகச் சேர்ந்தது என்று ஊகிக்கலாம்.

இப்போது ஒத்திவைத்த கேள்விக்கு வருவோம். கதைகளில் உண்மையே இல்லையா?

சில கதைகளில் மிகவும் துல்லியமான உண்மை இருக்கிறது. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவை 1907-இல் பேரலை தாக்கிப் பலரைக் கொன்றது. அங்குள்ளவர்கள் அதை ‘ஸ்மோங்’ என்ற பெயரால் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள்: நிலம் பலமாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவில், ஏறத்தாழ 78,000 மக்களில் அலைக்குப் பலியானவர்கள் பத்துக்கும் குறைவு. நாகப்பட்டினத்திலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் என்ன நேர்ந்தது என்பது நமக்குத் தெரியும். அந்தக் கடற்கரைகளில் இப்படியொரு கதை வழங்கவில்லை. பலர் உள்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்கப் போனார்கள்.

வேறு சில கதைகளில் உள்ள உண்மை நிகழ்ச்சி சார்ந்தது அல்ல. மூன்று தமிழ்ச் சங்கங்களும் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் நடந்ததாக இறையனார் அகப்பொருள் உரை சொல்கிறது. மூன்று எண்களும் 37-ஆல் மீதமின்றி வகுபடுவதைப் பார்த்தால், ஆண்டுக்கணக்கு வைத்திருந்த எவரோ குறித்துவைத்தவை இவை என்று கருதுவது கடினம். ஆனால், தம் மொழிக்கு அரசரும் கடவுளரும் கூடியிருந்த தொன்மையான அவை ஒன்று இருந்தது என்று அந்த உரை எழுந்த காலத்துத் தமிழ்ப் புலவர்கள் உணர்ந்தார்கள் என்பது ஐயமற்ற வரலாறு. கதையிலிருந்து நாம் பெறக்கூடிய வரலாறு சில வேளைகளில் அதைச் சொன்னவர்களின் வரலாறாகவே இருக்கும்.

இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில், இராமர் கட்டிய பாலம் என்று நம்பப்படும் மணல்திட்டுத் தொடரின் நாசா படம் ஒன்று 2002-இல் இந்தியச் செய்தித்தாள்களில் பரவியது. அது பதினேழரை லட்சம் ஆண்டுகளுக்கு முன் மனிதரால் கட்டப்பட்டது என்று நாசா உறுதிசெய்துவிட்டதாகச் செய்தி எழுந்தது. விண்ணிலிருந்து எடுத்த படத்தைக் கொண்டு அதன் வயதையோ அது மனிதர் கட்டியதா என்பதையோ சொல்ல முடியாது என்று நாசா விளக்கம் தர வேண்டியிருந்தது. சேதுவில் நீராடிக் காசிக்குப் போகும் பக்தருக்கு அந்தப் படம் எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை. தொன்மமாகத் தன் இடத்தில் உறுதியாக நின்ற ஒன்றை ஆய்வுக்கூடச் சான்றின்மேல் ஏற்றி வைத்தவர்கள், அதைப் பாதுகாப்பதாக எண்ணிக்கொண்டே பலவீனப்படுத்தினார்கள் என்பது என் கருத்து. கதை முழுவதும் கட்டுக்கதை என்று சிரிப்பவரும், கதை முழுவதும் மறைபொருளான அறிவியல் என்று வாதிடுபவரும் இதில் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்: இருவருமே அதைச் செய்தி அறிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கதைகள் இந்த மூன்று பிரிவுகளுக்குள் இடம் மாறுவது பழங்காலத்தோடு முடிந்துவிட்டதாகவும் எண்ண வேண்டியதில்லை. 1990-களில் பெங்களூரில் இரவு நேரத்தில் ஒரு பெண் பேய் வந்து கதவைத் தட்டுகிறது, வீட்டாருக்குத் தெரிந்த குரலில் அழைக்கிறது, திறந்தால் ஆபத்து என்ற பேச்சு பரவியது. இன்ன தெருவில், இன்னாருடைய உறவினர் வீட்டில் நடந்தது என்று இடம் சுட்டிச் சொல்லப்பட்டது. நம்பிய மக்கள் கதவிலும் சுவரிலும் ‘நாளெ பா’ என்று கன்னடத்தில் எழுதி வைத்தார்கள். தினமும் வந்து ‘நாளை வா’ என்று படித்துவிட்டுப் பேய் திரும்பிப் போய்விடும் என்பது நம்பிக்கை. அண்மைக் காலம், தெரிந்த ஊர், அறிந்தவருக்கு அறிந்தவர் சாட்சி, நம்பிக்கையிலிருந்து எழுந்த ஒரு சடங்கு என்று பழமரபுக்கதைக்குரிய இலக்கணம் முழுவதும் அதில் இருந்தது. 2018-இல் அதே கரு இந்தித் திரைப்படமாக வந்தபோது ஊர் மத்தியப் பிரதேசத்துச் சந்தேரியாக மாறியிருந்தது; சுவரில் இருந்த எழுத்து இந்தியாகியிருந்தது; பார்த்தவர்கள் பயந்ததைவிட அதிகம் சிரித்தார்கள். ஒரு தலைமுறைக்குள், ஒரு காலத்தில் கதவில் எழுதிவைக்கும் அளவுக்கு நம்பப்பட்ட பேச்சு, நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்து மகிழும் கதையாகிவிட்டது.